மார்லிஸின் செமி ஆட்டோ

அறுபத்தொரு வயதில், ஒரே வருஷத்துக்குள், மார்லிஸ் வால்னருக்கு இரண்டு இடங்கள் பறிபோயின. ஒன்று, பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய அடுப்புக்கு முன்னால் இருந்த இடம். இன்னொன்று, அக்டோபர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, கணவரின் அண்ணன் ஆர்லோவின் சோளக்காட்டில், வேட்டை வரிசையின் இடது கோடி. முதல் இடம் போனதற்கு ஊரே கூடி கேக் வெட்டி, கைதட்டி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவைத்தது. இரண்டாவது போனதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

இரண்டுக்கும் காரணம் ஒரே வழுக்கல்தான். பிப்ரவரியில் ஒரு காலை, எதிர்க்கட்டடத்துச் சின்னப் பிள்ளைகளுக்காகச் சுடச்சுட பன் அடுக்கிய பெரிய தட்டோடு பின்வாசலில் இறங்கினாள். கண்ணுக்குத் தெரியாத பனிப்பாளம். தட்டைப் போட்டுவிட்டுக் கையை ஊன்றியிருந்தால் ஒரு சிராய்ப்போடு போயிருக்கும். மார்லிஸ் தட்டை விடவில்லை. பன் ஒன்றுகூடக் கீழே விழவில்லை, வலது தோள்தான் பெயர்ந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் பன் தின்றார்கள், மார்லிஸ் ஆம்புலன்ஸில் போனாள். அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சூ ஃபால்ஸ் ஆஸ்பத்திரியில் தோளைத் தைத்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. இனிமேல் பெரிய அண்டாவைத் தூக்கக் கூடாது என்றார். சரி என்றாள். பனி தள்ளக் கூடாது என்றார். அதற்குக் கணவர் வெர்லின் இருக்கிறார் என்றாள்.

"துப்பாக்கி சுடுவீங்களா?"

"பன்னெண்டு நம்பர் பம்ப், ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து ஏத்தறது. பதினாலு வயசுல அப்பா குடுத்தது."

"அந்த உதையை இனிமே இந்தத் தோள் தாங்காது."

"வேற எந்த உதையைத் தாங்கும்?"

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். தென் டகோட்டாவில் டாக்டர்கூட முதலில் டகோட்டாக்காரர், அப்புறம்தான் டாக்டர். "இருபது நம்பர் செமி ஆட்டோ வாங்குங்க, குழல் சின்னது, தோட்டாவ அதுவே ஏத்திக்கும். உதைக்கறதே தெரியலன்னு எங்கம்மா சொல்றாங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

அந்த அக்டோபரில் தோள் இன்னும் ஆறவில்லை. அதனால் ஆர்லோ அவளைப் பிக்கப் வண்டி ஓட்டச் சொல்லிவிட்டார். ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழியைக் கிளப்பிச் சுட, வேட்டை வரிசை காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகும். யாராவது ஒருவர் வண்டியைச் சுற்றுவழியில் ஓட்டிக்கொண்டுபோய் மறுமுனையில் நிறுத்த வேண்டும். மூட்டு தேய்ந்தவர்கள், மாசமாக இருப்பவர்கள், பட்டணத்திலிருந்து புதிதாக வந்த மாப்பிள்ளை, இவர்களுக்குத்தான் அந்த வேலை. அதைச் செய்கிறவரை யாரும் மட்டமாகப் பேச மாட்டார்கள், தேன் ஒழுகப் பேசுவார்கள். "நீ இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவோம் மார்லிஸ்?" என்பார்கள். அந்தத் தேன்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் இருந்த, துண்டு சுற்றிய பாத்திரத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இடது கோடியில் ஆர்லோவே நின்றார். மூன்று ஃபெசன்ட் சேவல்கள் அவர் தலைக்கு மேலே ஏரிக்கரைப் புதரைப் பார்த்துப் பறந்தன. மூன்றையும் விட்டார்.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அதே இடத்தில் அதே ஆர்லோ விட்ட இரண்டைச் சுட்டு வீழ்த்தித்தான் மார்லிஸ் அந்த இடத்தைப் பிடித்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு யாரும் அவளை அங்கே நில் என்று சொன்னதில்லை. அவள் நிற்பாள், அவ்வளவுதான்.

வண்டிக்குள் உட்கார்ந்து அவள் அழுதாள். நாய் பிக்கிள் மட்டும் பார்த்தது.

வசந்தம் வந்ததும் மார்லிஸ் கடைக்குப் போனாள். எங்கள் ஊரில் துப்பாக்கிக் கடை என்று தனியாகக் கிடையாது. ஆணி, பெயின்ட், கோழித்தீவனம் எல்லாம் தாண்டி ஹார்டுவேர் கடையின் பின்கோடிக்குப் போனால் சுவரில் வரிசையாக நிற்கும். அங்கே இருந்தவன் டெரில். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தலையில் பாதி வழுக்கை. மார்லிஸ் கண்ணுக்கு அவன் இன்னமும் பட்டாணியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற மூன்றாம் வகுப்பு டெரில்தான்.

"வாங்க மிஸஸ் வால்னர். சாருக்கு எதாவது வேணுமா?"

"சாருக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு ஒரு செமி ஆட்டோ வேணும். இருபது நம்பர்."

டெரில் உடனே உள்ளே போய் இளஞ்சிவப்பில் பூ போட்ட ஒன்றைக் கொண்டுவந்தான்.

"இது என்ன?"

"லேடீஸ் மாடல்."

"டெரில், பட்டாணிய நான் உனக்கு இன்னும் ரெண்டு கரண்டி போட்டிருக்கணும்."

பூ போட்டது போன வேகத்தில் உள்ளே போனது. அடுத்து வந்தது வாதுமைக் கட்டை போட்ட, சாதாரணக் கறுப்புக் குழல். டெரில் இப்போது ஒழுங்காகத் தொழிலைப் பார்த்தான். "கண்ண மூடிட்டுத் தோள்ல வைங்க. வெச்சப்புறம் திறங்க. குழல் முனையில இருக்கற மணி நேரா தெரியுதா?" மணி தெரியவில்லை, குழலின் பக்கவாட்டுதான் தெரிந்தது. பின்கட்டை அவளுக்கு நீளம். டெரில் கட்டைக்கும் ரப்பர் மெத்தைக்கும் நடுவிலிருந்த தகட்டைக் கழற்றி எடுத்தான். மறுபடி கண்ணை மூடித் திறந்தாள். மணி நேராக நின்றது.

"இது எப்படி உதைக்காம இருக்கும்?"

"உதைக்கும், ஆனா மெதுவா. வெடிக்கறப்ப வர்ற புகையில கொஞ்சத்த குழல்ல இருக்கற ஓட்டை வழியா திருடி, அதாலயே பிஸ்டன பின்னால தள்ளுது. அதுவே காலித் தோட்டாவ வெளிய தூக்கிப் போடும், அதுவே புதுசை ஏத்தும். உங்க தோளுக்குப் போற சக்தியில பாதி அந்த வேலைக்குப் போயிடும்."

"பாக்கறதுக்கு எவ்ளோ வேலை இருக்கு?"

"அதுதான் விஷயம். பம்ப்ப வருஷத்துக்கு ஒரு தடவ துடைச்சா போதும். இது நச்சுப் பிடிச்சது. சுட்ட அன்னைக்கே கழட்டி பிஸ்டன்ல இருக்கற கரிய எடுக்கணும். இந்த ரப்பர் வளையம் கிழிஞ்சா ஓடாது. வளையத்த மறந்துட்டு மாட்டினா சுத்தமா ஓடாது. முதல்ல கனமான தோட்டாவா போட்டு சுட்டுப் பழக்குங்க. ஃபேக்டரில தடவின பசை இருக்கும், அத மொத்தமா துடைச்சிட்டு எண்ணெய் போடுங்க."

"எண்ணெய் எவ்ளோ?"

"முட்டை ஒட்டாம இருக்க சட்டியில எவ்ளோ தடவுவீங்க?"

"ஸ்கூல் சட்டியா, வீட்டுச் சட்டியா?"

"வீட்டுச் சட்டி. அதுவும் தடவிட்டு, துணியால துடைச்சு எடுத்ததுக்கு அப்புறம் மிச்சம் இருக்குமே, அவ்ளோ போதும்."

விலைச்சீட்டைப் பார்த்து மார்லிஸ் ஒருமுறை இருமினாள். டெரில் சட்டப்படி எங்கேயோ போன் செய்து அவள் பெயரைச் சொல்லி, இந்த அம்மாள் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டான். ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டு வளர்த்தவளைப் பற்றி அந்தக் கேள்வி. வாங்கலாம் என்று பதில் வந்தது.

வீட்டில் வெர்லின் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெர்லின் வால்னர் பேசுகிற ஜாதி இல்லை. காலையில் வானிலை, மத்தியானம் மாடு, சாயங்காலம் மறுபடி வானிலை, அவ்வளவோடு அவர் பேச்சு முடிந்துவிடும். ஆனால் பம்ப் துப்பாக்கி என்றால் மட்டும் பிரசங்கமே செய்வார்.

"பம்ப்ல உன் கைதான் எஞ்சின். கை ஓடுற வரைக்கும் அது ஓடும். சேறு பட்டாலும் ஓடும், பனி பட்டாலும் ஓடும். இது என்ன? தையல் மிஷின்."

"தையல் மிஷின் நல்லா தைக்கும் வெர்லின்."

"மினியாப்பொலிஸ்காரன் வெச்சிட்டு வருவான், நீயும் வெச்சிட்டு வருவே."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் பக்கம் ஒருவரை, பட்டணத்திலிருந்து பந்தாவாக வேட்டைக்கு வருகிற மினியாப்பொலிஸ்காரன் என்று சொல்வதைவிட ரெண்டு அறை அறைந்துவிடலாம்.

மார்லிஸ் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தாள். பன்னிரண்டு குழி உள்ள மஃபின் தட்டை எடுத்து வைத்தாள். துப்பாக்கியைக் கழற்றி, கழற்றின ஒவ்வொரு துண்டையும் வரிசைப்படி ஒவ்வொரு குழியில் போட்டாள். மூடி முதல் குழி, பிஸ்டன் இரண்டாவது, ரப்பர் வளையம் மூன்றாவது. மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்துக்கொண்டே வர வேண்டும். தட்டு காலியானால் எல்லாம் சரி, ஒரு குழியில் ஏதாவது மிச்சமிருந்தால் துப்பாக்கி ஓடாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பசையைத் தேய்த்து எடுத்தாள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தாள். வெர்லின் செய்தித்தாள் படிக்கிற சாக்கில் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கையில் இருந்த தாள் தலைகீழாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை. பக்கத்தை மட்டும் திருப்பவே இல்லை.

கோடை முழுக்க கொட்டகைக்குப் பின்னால் பயிற்சி. வெர்லின் களிமண் தட்டுகளைக் கைவீச்சால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிரண்டாக வானத்தில் வீசுவார். முதல் தட்டைச் சுட்டுப் பொடியாக்கிவிடுவாள் மார்லிஸ். இரண்டாவது தட்டு அப்படியே பத்திரமாகத் தரையிறங்கும். ஒவ்வொரு தடவையும். வெர்லின் சத்தமில்லாமல் சிரிப்பதை அவர் தொப்பை குலுங்குவதில் பார்க்கலாம்.

"ஏன் சிரிக்கிற?"

"நீ அத பம்ப் பண்ற."

பண்ணிக்கொண்டுதான் இருந்தாள். முதல் குண்டு போனதும் இடது கை தானாக முன்பிடியை வெடுக்கென்று பின்னால் இழுத்தது. பதினாலு வயதிலிருந்து அந்தக் கை பழகியது அது ஒன்றுதான். இந்த முன்பிடி நகராது. கை இழுத்தால் குழல்தான் கீழே வணங்கும், இரண்டாவது குண்டு புல்லுக்குப் போகும். வேலை எல்லாம் துப்பாக்கி தானே முடித்துக் காத்திருந்தது. அவள் கைதான் பழைய முதலாளிக்கு உழைத்துக்கொண்டிருந்தது. பிக்கிள் வேறு, சுட்டு விழுந்தது என்னவென்று புரியாமல், மஞ்சள் நிறக் காலித் தோட்டாக்களைக் கவ்வி வந்து வெர்லின் காலடியில் வைத்தது.

வாரக்கணக்கில் இதே கூத்து. கையைப் பார்த்துத் திட்டினாள். இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள், இறுக்கினால் இன்னும் வேகமாக இழுத்தது. ஒருநாள் சர்ச் சாப்பாட்டுக்குக் கூஹன் கேக் சுட்டு, அடுப்பிலிருந்து தட்டை எடுத்து இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு திரும்பினபோது அப்படியே நின்றுவிட்டாள். விரலை மடக்காமல் விரித்த உள்ளங்கை. சூடான தட்டை யாரும் இழுக்க மாட்டார்கள், தாங்குவார்கள். அதற்காகத் தோளையே கொடுத்தவள் அவள்.

தட்டை இறக்கிவைத்துவிட்டு மாவுக் கையோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வெர்லின்! ரெண்டு வீசு!" முன்பிடியை விரித்த உள்ளங்கையில் வைத்தாள், பிடிக்கவில்லை. முதல் தட்டு பொடி. இரண்டாவது தட்டும் பொடி.

வெர்லின் வானத்தைப் பார்த்தார். "நாளைக்கு மழை வரும்போல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. மார்லிஸ் அதை வாங்கிக்கொண்டாள்.

ஆர்லோவிடம் பேச வேண்டியது பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிஸ்லிக் பொரிக்கிற இடத்தில், கையில் ஆட்டுக்கறி குத்தின குச்சியோடு அவரைப் பிடித்தாள்.

"இந்த வருஷம் நான் நடக்கறேன் ஆர்லோ."

"மார்லிஸ், உனக்கு எதுக்கு இந்த ரோதனை? வண்டி ஓட்ட ஆளு வேணும்ல. நீ இல்லாட்டி நாங்க..."

"அத முடிக்காத. முடிச்சே, இந்தக் குச்சி உன் தொடைல இருக்கும்."

ஆர்லோ பெரிய வாய், ஆனால் குச்சிக்குப் பயந்தவர். "சரி அம்மணி. முதல் துண்டு நிலத்துல நடந்து பாரு. அது சின்னது, வண்டி வேணாம். உன் தையல் மிஷின் ஒழுங்கா ஓடுச்சுன்னா பெரிய புதர்லயும் நட. தகராறு பண்ணுச்சுன்னா சாவிய வாங்கிக்கோ. அப்புறம் அதப் பத்திப் பேச்சே கிடையாது, எப்பவும். சம்மதமா?"

தையல் மிஷின் என்ற பெயர் யார் மூலம் ஊர்வலம் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சம்மதம்" என்றாள்.

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டு வந்தது. சனிக்கிழமை காலை புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்து நின்றது, வடகாற்று காதை அறுத்தது. பகல் பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது என்பது சட்டம். எட்டுப் பேரும் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு, ரோட்டோரம் காப்பி குடித்துக்கொண்டு, ஆர்லோவின் வண்டி ரேடியோவில் மணி சொல்லுவதற்காகக் காத்திருந்தார்கள். ரேடியோ மணி சொன்னது. தூரத்துக் காடுகளிலெல்லாம் பட்பட்டென்று கேட்க ஆரம்பித்தது. மார்லிஸ் இடது கோடியில் போய் நின்றாள். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பத்தடி நடந்திருப்பார்கள். பிக்கிள் சோளத்தட்டைக்குள் மூக்கை விட்டது, ஒரு ஃபெசன்ட் சடசடவென்று செங்குத்தாக எழும்பியது. சிவந்த கன்னம், வெள்ளைக் கழுத்துப்பட்டி, நீண்ட வால்.

"சேவல்!" என்று வரிசை முழுக்கக் கத்தியது. பெட்டையைச் சுடக் கூடாது, அதனால் எங்கள் பக்கம் பறவையைவிட முதலில் வாய் எழும்பும்.

பறவைக்குக் கீழே வானம் தெரிகிறவரை பொறுத்துச் சுட்டாள். தப்பியது. உள்ளங்கை விரிந்துதான் இருந்தது. இரண்டாவது முறை விசையை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. அழுத்தினாள். ஒன்றுமே இல்லை. சேவல் ஏரிக்கரையைப் பார்த்து நிதானமாகப் போனது. குனிந்து பார்த்தாள். காலித் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே, வாயில் சிக்கின முள்ளாக நின்றது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் சோம்பலாக வந்தது, விட்டால் அதைவிடச் சோம்பலாக முன்னால் போய் பாதியில் நின்றது.

வரிசை நின்றது. ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அந்தத் துண்டு நிலம் முடிந்து ரோட்டுக்கு வந்ததும் ஆர்லோ சாவியை நீட்டினார். கேலி செய்யவில்லை, குரலில் தேன் வந்துவிட்டது. "போகட்டும் மார்லிஸ். நீ இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவோம்?"

பேச்சு பேச்சுதான். சாவியை வாங்கிக்கொண்டாள். வண்டியில் ஏறி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டாள். ரப்பர் வளையத்தை மறந்தேனா? இல்லையே, மஃபின் தட்டு காலியாக இருந்ததே. சுண்டுவிரலை உள்ளே விட்டாள். விரல் மஞ்சளாகக் கொழகொழவென்று வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தாள். இது அவள் எண்ணெய் இல்லை. இது அறுவடை மிஷினின் சக்கரத்துக்குப் போடுகிற கிரீஸ்.

வண்டி ஜன்னலுக்கு வெளியே வெர்லின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீயா?"

"நேத்து சாயங்காலம். நீ ஹாட்டிஷ் பண்ணிட்டு இருந்தே." அவர் காலால் சரளைக்கல்லைத் தள்ளினார். "குளிரா இருக்கும்னு ரேடியோல சொன்னான். என் பம்ப்புக்குத் தடவினேன். உன்னுது காஞ்சு போய்க் கிடந்துச்சு. நல்லா ஓடட்டும்னு..."

"எவ்ளோ?"

"நிறைய."

"வெர்லின்! உன் பம்ப்ப உன் கை இழுக்குது. நீயே ஒரு மாடு, கிரீஸ் இருந்தா என்ன, தார் இருந்தா என்ன! இத ஒரு துளிப் புகைதான் தள்ளுது! இந்தக் குளிர்ல அது மெழுகாயிடும்னு தெரியாதா?"

"தெரியாது" என்றார் வெர்லின்.

அவளுக்கு ஆத்திரம் மண்டைக்கேறியது. இரண்டு வருஷம் காத்திருந்த ஒரே ஒரு நாள். மன்னிக்கவே மாட்டேன் என்று நினைத்தாள். நாற்பது வருஷத்தில் தன்னிடம் அழகாக இருக்கிறாய் என்று ஒருமுறை சொல்லத் தெரியாத இந்த மனுஷன், சொல்லத் தோன்றும்போதெல்லாம் எதற்காவது கிரீஸ் தடவுகிறவர் என்பதும் அதே நிமிஷம் ஞாபகம் வந்து தொலைத்தது. அவளுடைய நிஜத் தையல் மிஷினுக்குத் தடவியிருக்கிறார். பழைய ராட்டினம் மாதிரிக் கிறீச்சிடுகிறது என்று அவள் சொன்ன சமையலறைக் கதவுக்குத் தடவியிருக்கிறார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன அன்று, ரோட்டில் நின்று காரின் கதவுக் கீலுக்குத் தடவியிருக்கிறார்.

"அந்தப் பக்கம் ஏறி ஹீட்டர முழுசா போடு" என்றாள்.

மூடியைத் திருகிக் கழற்றினாள். குழல், பிஸ்டன், வளையம், பூட்டு. மஃபின் தட்டு இல்லை. வண்டியின் முன்பலகையில், சூட்டுக்காற்று வருகிற ஓட்டைக்கு நேராக இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தாள். வெர்லின் சொல்லாமலே ஹாட்டிஷ் பாத்திரத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். சூட்டில் கிரீஸ் இளகி உருக ஆரம்பித்தது. மார்லிஸ் துண்டால் துடைத்தாள், துண்டின் மூலையை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தாள். இளம் பச்சையில் பூவேலை செய்த நல்ல துண்டு, போனது போனதுதான்.

வெளியே ஆர்லோ கத்தினார். "என்ன நடக்குது அங்க? பறவைங்க சாப்பிட்டு முடிச்சு பில்லு கட்டிட்டுக் கிளம்பிடும்!"

"பத்து நிமிஷம்!" என்று கத்தினார் வெர்லின். வெர்லின் கத்தி யாரும் கேட்டதில்லை. ஆர்லோ வாயை மூடிக்கொண்டார்.

கடைசியாக மூடியைத் திருகினாள். முன்பலகை காலி. கைப்பிடியை இழுத்து விட்டாள். சடக். ஒரே சடக், பாதியில் நிற்கிற பேச்சே இல்லை.

"ஆனா ஆர்லோகிட்ட பேச்சு குடுத்துட்டேனே" என்றாள். "தகராறு பண்ணுச்சுன்னா வண்டி எனக்குன்னு."

வெர்லின் வண்டிக் கதவைத் திறந்து, வண்டியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டார். அவருக்கு அறுபத்து நான்கு வயது. பதிமூன்று வயதிலிருந்து ஒரு வருஷம்கூட வரிசையில் நடக்காமல் இருந்ததில்லை, கையெலும்பு முறிந்த வருஷம்கூட. "தகராறு பண்ணது நான்தானே? இறங்கு" என்றார்.

அண்ணனைப் பார்த்தும் அதையே சொன்னார். "தகராறு என்னுது ஆர்லோ. வண்டி நான் ஓட்டறேன்." ஆர்லோ தம்பியையும் மார்லிஸையும் மாறிமாறிப் பார்த்தார். வெர்லின் வண்டியைச் சுற்றிக்கொண்டுபோய் டிரைவர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். ஆர்லோ திரும்பி நாயைத் திட்டினார்.

"ஹாட்டிஷ்ல கை வைக்காத!" என்றாள் மார்லிஸ் கண்ணாடிக்கு வெளியிலிருந்து.

பெரிய புதர், கோரையும் நாணலும் தலை உயரத்துக்கு. அவள் இடது கோடியில் நடந்தாள். கால் பங்கு தூரம் ஒன்றுமில்லை. பாதி தூரத்தில் ஒரு பெட்டை எழும்பியது, எல்லாரும் "பெட்டை! பெட்டை!" என்று கத்தி விட்டுவிட்டார்கள். முக்கால் பங்கு தாண்டினபோது பிக்கிளின் வால் பைத்தியம் பிடித்துச் சுழன்றது. நாணலைப் பிளந்துகொண்டு சேவல் கிளம்பி, காற்றை வாங்கிக்கொண்டு, இடது பக்கம் ஏரியைப் பார்த்துச் சாய்ந்தது.

சுட்டாள். தப்பியது. உள்ளங்கை தட்டை ஏந்தின மாதிரியே இருந்தது, மணி பறவையை விட்டு விலகவே இல்லை, துப்பாக்கி தன் வேலையைத் தானே முடித்து வைத்திருந்தது. மறுபடி சுட்டாள். சேவல் காற்றிலேயே மடிந்து, சுருண்டு, பனிப்புல்லில் தொப்பென்று விழுந்தது.

"அது யாரு சுட்டது?" என்று வலக்கோடியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"யாரு சுட்டிருப்பா? தையல் மிஷின்தான்!" என்றார் ஆர்லோ. எரிச்சலாகத்தான் சொன்னார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதரின் மறுமுனையில் வண்டி நின்றது. வெர்லின் வெளியே இறங்கி நின்றுகொண்டிருந்தார். ஹாட்டிஷ் பாத்திரத்தில் ஒரு மூலை காணவில்லை, அவர் மீசையில் உருளைக்கிழங்கு இருந்தது. பிக்கிள் சேவலை வாயில் கவ்விக்கொண்டு நேராக அவரிடம் போய், பழக்கதோஷத்தில், அவர் காலடியில் வைத்தது.

ஆர்லோ வந்து சேவலின் வாலைப் புரட்டிப் பார்த்தார். "அடுத்தது கிழக்கால இருக்கற துண்டு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "மார்லிஸ், இடது கோடி. வெர்லின், சாவி உங்கிட்டதானே?"

"எங்கிட்டதான்."

மற்றவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். வெர்லின் அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், காலைக்கு ஒரு வானிலை, மாலைக்கு ஒரு வானிலை என்று வாழ்கிற அந்த மனுஷன், "தோள் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவர் கேட்ட பிறகுதான், காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தன் தோளைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது மார்லிஸுக்குத் தெரிந்தது.